சலவை அறை ஆட்டமும் கொட்டாவி சாரும்

எங்கள் ஹோட்டலில் ஊழியர் விவகாரங்களைக் கவனித்தவரை நாங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரிடம் பேசினாலும் வாயைப் பிளந்துவிடுவார். அதனால் கொட்டாவி சார். நான் அப்போது சலவை அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தால் அந்த நாட்கள்தான் ஞாபகம் வரும்.

எங்களோடு ஒரு சுருட்டை முடிக்காரி இருந்தாள். சரியான வாயாடி, வேலையிலோ சூரப்புலி. ஒருநாள் வேலை முடிந்ததும் போர்வை அடுக்கில் ஃபோனைச் சாய்த்து வைத்து, சீருடையோடு ஆடி, அந்த வீடியோவைத் தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் போட்டுவிட்டாள். அது ஊரெல்லாம் சுற்றி முதலாளி கண்ணிலும் பட்டது. "மானத்தை வாங்கிட்டா, சீட்டைக் கிழிங்க" என்று குதித்தார்.

கொட்டாவி சார் சலவை அறைக்கே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுருட்டை முடிக்காரி எழுந்து நின்றாள்.

"வேலை போச்சா சார்?"

"முதல்ல உட்காரும்மா. நல்லாத்தான் ஆடியிருக்க. ஆனா வீடியோல உனக்குப் பின்னாடி இருக்கிற பலகையைப் பாரு."

அதில், ஹோட்டலில் தங்கியிருந்தவர்களின் பெயரும் அறை எண்ணும் பளிச்சென்று தெரிந்தன.

"ஐயோ, நான் கவனிக்கவே இல்ல சார்!"

"தெரியும். நாளைக்கு எவனாவது போய் அவங்க கதவைத் தட்டினா நாமதானே பதில் சொல்லணும்? அதை எடுத்துடு. ஆடணும்னா வேற இடத்துல ஆடு."

அங்கேயே அழித்துவிட்டாள்.

தேய்த்த கோட்டை முதலாளி அறையில் கொடுக்கப் போனபோது, அவர் முதலாளியிடம் பேசியது என் காதில் விழுந்தது. "இப்படிப் போடக் கூடாதுன்னு நாம யார்கிட்டயும் சொன்னதே இல்ல சார். சொல்லாத விதிக்கு எப்படி வேலையை விட்டு அனுப்புறது?" முதலாளி முறைத்தார். ஆனாலும் சீட்டு கிழியவில்லை.

அந்த வாரமே கொட்டாவி சார் எல்லாரையும் கூட்டி, எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று எங்களையே கேட்டார். சமையல்கார அண்ணன் எழுந்தார். "முதலாளியைத் திட்டிப் போடலாமா சார்?"

"முதல்ல என்கிட்ட வந்து திட்டுங்க. அப்பவும் மனசு ஆறலேன்னா உங்க இஷ்டம்."

சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. அதற்கப்புறம் நிஜமாகவே போய்த் திட்டினோம். சலவை அறைக்குப் புது மின்விசிறி வந்தது அப்படித்தான்.

அவர் ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டன. எதைப் போடக் கூடாது என்று நிர்வாகத்திடமிருந்து இப்போதும் எச்சரிக்கைகள் வருகின்றன, மின்னஞ்சலில். போய்த் திட்டத்தான் ஆள் இல்லை.