நாத்தனாருக்கு மாதச் சம்பளம், எனக்கு வயிற்றெரிச்சல்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலையில் பத்து வருடமாகத் தினக்கூலி நான். மழை பெய்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. எனக்குப் பின்னால் சேர்ந்த நாத்தனார் சரசு பிளஸ் டூ படித்தவள். பயிற்சி முடித்து போர்மேன் ஆகிவிட்டாள். மழையிலும் அவளுக்கு மாதச் சம்பளம். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள், “வெடிமருந்து வாளியைத் தரையில இழுக்காதீக, மதினி” என்றாள்.

“எனக்கே பாடம் சொல்றியா?” என்று வேண்டுமென்றே இழுத்தேன். அடியில் மணல் கரகரத்தது. சரசு பாய்ந்து வந்து என் கையை இறுகப் பிடித்தாள்.

“ஒரு பொறி வந்திருந்தா அம்புட்டுப் பேரும் போயிருப்போம், மதினி!”

வாளியை அவளே தூக்கி ஓரமாக வைத்தாள்.

இப்போது வாளியைத் தூக்கித்தான் வைக்கிறேன். பொறாமை மட்டும் போகவில்லை. எட்டாவதோடு நின்ற நானும் போர்மேன் ஆகப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிறேன். சந்தேகம் வந்தால் யாரிடம் வேண்டுமானாலும் கேட்பேன், சரசுவிடம் மட்டும் கேட்கமாட்டேன்.