முதுகு காட்டி நின்ற எங்கள் ஓவியம்

படகுக்கு அடிக்கும் பெயிண்டின் வாடை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒன்பதாம் வகுப்பு படித்த அந்த ஜனவரி முழுக்க நானும் என் கூட்டாளி முத்துலட்சுமியும் அந்த வாடையோடுதான் திரிந்தோம். குடியரசு தினத்துக்காகப் பள்ளியின் முன்சுவரில் அரசியலமைப்பையும் ஒற்றுமையையும் பற்றி ஓர் ஓவியம் வரையும் வேலை எங்கள் தலையில் விழுந்திருந்தது. பெயிண்ட் வாங்கிக் கொடுக்கப் பள்ளிக்கு வக்கில்லை. ஆகவே புதுமடத்தில் என் மாமாவின் படகுக்கு அடித்தது போக மிஞ்சிய நீலத்தையும் வெள்ளையையும் பழுப்பையும் டப்பாவோடு தூக்கிக்கொண்டு, கண்டக்டரிடம் திட்டு வாங்கியபடியே, பள்ளி இருக்கும் உச்சிப்புளிக்குப் பஸ் ஏறுவேன்.

ஒற்றுமைப் படம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தொப்பி போட்ட ஒரு பையன், நெற்றியில் பட்டை போட்ட ஒரு பையன், கழுத்தில் சிலுவை தொங்கும் ஒரு பையன், மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு போட்டோ எடுக்க நிற்பதுபோல் பல்லைக் காட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் எவரும் அப்படி நின்று நான் கண்டதில்லை. நான் கண்டதெல்லாம் 'கரைவலை' இழுப்பது. கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் நிற்கும் ஆட்கள், கடலைப் பார்த்தபடி, பின்னால் நடந்து நடந்து இழுப்பார்கள். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவருக்கு மீனில் பங்கு உண்டு. எந்த ஊர், என்ன ஆள் என்று ஒருவரும் கேட்பதில்லை. உச்சிப்புளியில் விவசாய வீட்டுப் பெண்ணான முத்துலட்சுமி ஒருநாள் என்னோடு வந்து வேடிக்கைக்காகக் கயிற்றைப் பிடித்து, ஒரு பை நிறைய 'சூடை' மீனோடு வீட்டுக்குப் போனவள்.

"இதையே வரைஞ்சிருவோம்டி" என்றாள். வரைந்தோம். கரையில் நின்று பார்த்தால் தெரிவதுபோல முதுகுகளாக வரைந்தோம், ஆணும் பெண்ணுமாக, வெயிலுக்கு எல்லார் தலையிலும் துண்டு. கீழே, எங்கள் பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த 'இந்திய மக்களாகிய நாம்' என்ற அரசியலமைப்பின் தொடக்கச் சொற்கள்.

விழாவுக்கு முந்தின நாள், ஏற்பாடுகளைப் பார்க்க ஊர்ப் பிரமுகர் ஒருவர் வந்தார். ஓவியத்தின் முன்னால் நின்று முகத்தைச் சுளித்தார்.

"இதுல யாரு முஸ்லிம், யாரு இந்து? ஒண்ணும் வெளங்கலையே. அடையாளம் போட்டாத்தானே ஒத்துமைன்னு தெரியும்?"

முத்துலட்சுமிதான், "சார், கீழ எழுதியிருக்கதுலயும் அடையாளம் போடலையே" என்றாள். அவர், பக்கத்தில் நின்ற எங்கள் டிராயிங் சாரைப் பார்த்து, காலைக்குள் சரிசெய்யாவிட்டால் சுண்ணாம்பு அடித்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால், ஓவியம் மாறியிருந்தது. சார் பாவம், தனக்குத் தெரிந்ததைச் செய்திருந்தார். இருவர் தலையில் துண்டுக்கு மேலேயே தொப்பி. இன்னும் இருவருக்கு எங்கள் பக்கம் ஒருவரும் வைக்காத குடுமி. முதுகு காட்டி நின்ற ஒருவருக்குச் சிலுவையை எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டையின் முதுகில் போட்டிருந்தார். ஆனால் அவர் அடித்தது வகுப்பில் வைத்திருக்கும் வாட்டர் கலர். அலைக்கும் உப்புக்கும் தாங்கும் எங்கள் படகுப் பெயிண்டின்மேல் அது எத்தனை நாழிகை நிற்கும்? கோணித் துணியைத் தண்ணீரில் நனைத்து, கொடிக்கம்பத்தின் முன்னால் மொத்தப் பள்ளியும் வரிசையாக நிற்கும்போது, நானும் அவளும் தொப்பியையும் குடுமியையும் சிலுவையையும் துடைத்தோம்.

அன்று மத்தியானமே என் உம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டால் விட்டுவிடுகிறோம் என்றார் தலைமையாசிரியை. உம்மா ஓவியத்தை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்:

"தப்பு செஞ்சிருந்தா நானே கேக்கச் சொல்லுவேன் டீச்சர். வரைஞ்ச புள்ளைகதான தொடைச்சிருக்குக. இதுக்கு என்னத்துக்கு மன்னிப்பு? நாங்க வாரோம்."

நாங்கள் மன்னிப்பும் கேட்கவில்லை, அவர்கள் சுண்ணாம்பும் அடிக்கவில்லை. ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றோம், அவ்வளவுதான்.

பின்னாளில் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தபோது அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள். சுவர் போனால் போகட்டும், அதற்காக நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை. என் ஆத்திரம் வேறு. நேற்று என் மகளின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. குடியரசு தின ஒற்றுமை அணிவகுப்பில் மகள் 'முஸ்லிம் வேடம்' போட வேண்டுமாம், வாடகைக்குப் பர்தா கிடைக்கும் கடையின் நம்பரும் கூடவே இருந்தது. அதே வகுப்பில் படிக்கும் முத்துலட்சுமியின் மகளுக்கு 'இந்து வேடம்'. அவளுக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன் "பாத்தியாடி?" என்றாள், இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

டீச்சருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: "என் மகள் முஸ்லிம்தான். அதற்கு அவள் வேடம் போட வேண்டியதில்லை. தினமும் வருவதுபோலவே வருவாள்." இன்னும் மறுமொழி வரவில்லை. இரண்டு பிள்ளைகளும் சீருடையில்தான் போவார்கள். வாசலில் நிறுத்தினால், பேச நாங்கள் இரண்டு பேரும் அங்கே இருப்போம்.