பூந்தமல்லி ராட்டினத்தின் எதிர்ப் பெட்டியில்

ஆயுத பூஜையன்று காலை எட்டரை மணிக்கு ஆவடி சேக்காட்டிலிருந்து கிளம்பினோம். போக வேண்டிய இடம் பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசைக்குப் போகிற வழியில் ஒரு பொட்டல். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். ஊட்டிக்கும் காசிக்கும் போனவர்கள்தான் எழுத வேண்டுமா என்ன? பூந்தமல்லிக்குப் போன நானும் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் சண்முகம் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அந்த வேலைக்காகத்தான் கோவில்பட்டியை விட்டு வந்தோம். குவார்ட்டர்ஸ் உண்டு, பென்ஷன் உண்டு. இந்த மனுஷன் அதை உதறிவிட்டு ராட்டினம் ஓட்டப் போகிறாராம்! அந்தப் பொட்டலில் ராட்டினம் கட்டிக்கொண்டிருந்த பரந்தாமன் என்ற ஒருவரிடம் ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வந்ததன் பலன். முந்தின நாள் சாயங்காலம் ராஜினாமா எழுத உட்கார்ந்தார். நான் பேனாவை வெடுக்கென்று பிடுங்கி, சரஸ்வதி படத்தின் முன்னால் சந்தனப் பொட்டு இட்டு வைத்துவிட்டேன். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக் கூடாதே!

இவர் சிரித்துவிட்டார். "சரி, நாளைக்கு நீயும் வந்து ஒரு தடவை பாரு. பாத்துட்டு வேண்டாம்னா எழுதல" என்றார். வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் பஸ் ஏறினேன்.

பஸ்ஸின் முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். டிக்கெட் ஒன்றரை ரூபாய். கண்டக்டர் சில்லறையோடு ஒரு கை பொரியும் கொடுத்தார். பருத்திப்பட்டிலும் கரையான்சாவடியிலும் பட்டறை வாசல்களில் உடைத்த பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. பூந்தமல்லியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம்.

"ராட்டினத்தாண்டயா?" என்றார் டிரைவர். "அந்தாள லூசுன்றாங்கம்மா. ஆனா என் பொண்ணு டெய்லி கேட்டுகினே கீது, எப்ப தெறப்பாங்க நைனான்னு."

சாலை திரும்பியதும் அது தெரிந்தது. புளியமரங்களெல்லாம் அதற்குக் கீழே இடுப்பு உயரத்தில் நின்றன. அறுபது அடி என்று இவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். காதால் கேட்கிற அறுபது அடி வேறு, அண்ணாந்து பார்க்கிற அறுபது அடி வேறு. வழியெல்லாம் தயார்செய்து வைத்திருந்த பேச்சு எனக்கு மறந்தே போனது.

பரந்தாமன் கனத்த ஆள். ஒரு காலத்தில் திருவிழாவுக்குத் திருவிழா மாட்டுவண்டியில் ராட்டினம் ஏற்றிப்போய், கையால் சுற்றிப் பிழைத்தவர். "வாம்மா தங்கச்சி, சுத்திப் பாரு" என்று முன்னால் நடந்தார். பொட்டல் முழுக்கச் சுண்ணாம்புக் கோடுகள்தான். "தோ, இங்க ரயிலு. இது டிராமா மேடை. இது படகு வுடுற கொளம்." இன்னும் வெட்டாத அந்தக் குளத்துக்குள் கால் வைக்காமல், கரையோரமாகச் சுற்றிக்கொண்டு நடந்தார். ஐயோ, நானும் சுற்றிக்கொண்டுதான் நடந்தேன்!

"இதெல்லாம் யாருக்குண்ணே?" என்று கேட்டேன்.

"ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்றவன் புள்ளைங்கள எங்க இட்டுகினு போவான் சொல்லு? பீச்ச வுட்டா நம்ம ஜனத்துக்கு இன்னா கீது?"

பதினோரு மணிக்குப் பூஜை. அதற்கப்புறம்தான் முதல் ஓட்டம். ஜனங்களை ஏற்றுவதற்கு முன்னால் தான் தனியாக ஏறுவேன் என்று பரந்தாமன் ஒரு பெட்டியில் உட்கார்ந்தார். இந்த ராட்டினத்தில் மோட்டார் ஒரு லாரி டயரைச் சுற்றும். டயர் ராட்டினத்தின் இரும்பு வளையத்தை அழுத்தி உருட்டும். அதைப் பொருத்தியது இவர்தான். சுவிட்சைப் போட்டார். பெட்டி கொஞ்சம் ஏறியது, நின்றது, வழுக்கிக்கொண்டு பின்னால் வந்து தொட்டில் மாதிரி ஆடியது. கூட்டம் "அய்யய்யோ" என்றது. இவர் முகம் வெளிறிவிட்டது.

காரணம் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டார். வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம். இந்தச் சக்கரம்தான் தரையில் படவில்லையே! தலைமை ஆள் ஏழுமலை யோசித்து, டயருக்கும் வளையத்துக்கும் நடுவில் பழத்தைச் செருகியிருக்கிறார். போதாததற்கு வளையம் முழுக்கக் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து மணக்க மணக்கப் பூசிவிட்டார்கள்.

"ஸ்பானரக் கொண்டாங்க, டயர இறுக்கிருவோம்!" என்றார் இவர்.

"ஸ்பானரு சாமியாண்ட கீதே," என்றார் ஏழுமலை. "இன்னிக்கி யாரு தொடுவா?"

பெட்டிக்குள்ளிருந்து பரந்தாமன் கத்தினார். "தொடாதீங்கடா! கை இன்னாத்துக்கு கீது? ஏறுங்க, மாரியம்மன் திருநாள்ல சுத்தின மாதிரி!"

அடுத்த நிமிஷம் ஏழெட்டு ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தின் இரும்பு ஆரக்கால்களில் தாவினார்கள். மேலே ஏறித் தொங்குவார்கள், அவர்கள் பாரத்தில் சக்கரம் இறங்கும், குதித்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். கீழே இருவர் கோணிச் சாக்கால் வளையத்தை அழுத்தித் துடைத்தார்கள். அத்தனை பெரிய இரும்பு மனிதர்களின் வெறும் உடம்பு எடைக்கு அசைந்துகொடுத்ததைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பரந்தாமன் உச்சிக்குப் போனார். எதிர்ப் பெட்டி காலியாகக் கீழே வந்து நின்றது.

"அண்ணனுக்கு எதிர்ல சமமா ஒரு ஆளு குந்தணும்," என்றார் ஏழுமலை. "அப்பத்தான் ஈசியா சுத்தும்." எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, மரியாதையாக என்னைப் பார்த்தார்கள். நான் ஒல்லி என்று பொய் சொல்ல மாட்டேன்.

"நீ வேண்டாம், பயந்துக்குவ," என்றார் இவர்.

"சும்மா இருங்க. பயமெல்லாம் உங்களுக்குத்தான்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். குறுக்கே நிற்கத்தான் வந்தேன். ஆனால் அந்த மனிதரை அந்தரத்தில் விட்டுவிட்டு நிற்க மனசு வரவில்லை.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். ஏழுமலை ஒற்றைக் கையால் தள்ளினார். சத்தமே இல்லாமல் நான் மேலே போனேன். செம்பரம்பாக்கம் ஏரி வெயிலில் தகதகவென்று விரிந்தது. ஆவடிப் பக்கம் திரும்பி என் வீட்டைத் தேடினேன். மரங்களும் வானமும்தான் தெரிந்தன. எட்டு வருஷமாக அதுதான் உலகம் என்றிருந்தேன், கண்ணுக்கே அகப்படவில்லை. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"தங்கச்சி! இன்னா தெரியுது?" கீழேயிருந்து பரந்தாமன் கூவினார்.

"எல்லாம் தெரியுதுண்ணே! உங்க குளம்கூடத் தெரியுது!"

நாலைந்து சுற்றில் எண்ணெயெல்லாம் சாக்கோடு போய் வளையம் காய்ந்தது. டயர் பிடித்துக்கொண்டது. மோட்டார் சத்தத்தைக் கேட்டு இவர் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

மாலை ஐந்து மணிக்குத் திரும்பினோம். அதே பஸ், அதே ஒன்றரை ரூபாய். குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் ஒரே நிறச் சுவர், ஒரே மாதிரி ஜன்னல். குறையொன்றும் இல்லாத வீடு. அதை விட்டுப் போக எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருந்தது.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றினேன். புத்தகங்களைப் பூஜையிலிருந்து எடுத்தேன். பேனாவின் சந்தனத்தைத் துடைத்து, ஒரு வெள்ளைத் தாளோடு இவரிடம் நீட்டினேன்.

"நல்ல நாள். எழுதுங்க."