ஐந்தடி இரண்டங்குலம்

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலைத்தான் அவர் முதலில் பார்ப்பார். முகமெல்லாம் அப்புறம். முழங்கால் எந்த உயரத்தில் மடங்கியிருக்கிறது என்பதை வைத்தே, எழுந்து நின்றால் ஆள் எவ்வளவு இருப்பார் என்று சொல்லிவிடுவார். அரை அங்குலம் தப்பாது. பேச வருகிறவர் மேடைக்கு நாலடி வைப்பதற்குள் மைக் கம்பத்தின் திருகைத் தளர்த்தி, ஏற்றியோ இறக்கியோ வாய்க்கு நேராக நிறுத்திவிட்டுத் தன் மூலைக்குத் திரும்பியிருப்பார். "துக்கத்துல இருக்கிறவன் மைக்குக்காகக் குனியவும் கூடாது, எக்கவும் கூடாது" என்பது அவர் கட்சி.

ஊரில் அவருக்கு 'ஹலோ' என்று பெயர். வாலிபத்தில் கல்யாணம், கூட்டம், திறப்பு விழா என்று போன இடமெல்லாம் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று தொண்டை வறளக் கத்தியதில் ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்திரண்டு வருஷமாக அஞ்சலிக் கூடத்தில்தான் வேலை. இங்கே அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. "போனவங்க பக்கத்துல நின்னுக்கிட்டு ஹலோன்னா நல்லாவா இருக்கு?" என்பார். நகத்தால் மைக்கை லேசாகச் சுரண்டிப் பார்ப்பதோடு சரி. பேசுகிறவர் உடைந்து அழுதால் அவர் கை தானாகக் குமிழுக்குப் போய்ச் சத்தத்தைக் குறைக்கும். அழுகையைப் பெரிசாக்கி நாலு பேருக்குக் காட்டக் கூடாதாம்.

அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, மைக் செட். "என் செட்டு மக்கர் பண்ணுச்சுன்னு ஒருத்தனைச் சொல்லச் சொல்லு, அன்னிக்கே வேலையை விட்டுடுறேன்" என்று மார்தட்டுவார். இன்னொன்று, காது. இடைவேளையில் கூடத்து ஒலிபெருக்கிகளை அணைப்பாரே தவிர, மைக்கை அணைக்க மாட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டபடியே இருப்பார். கொரகொரப்பு ஏதாவது இருந்தால் முன்னாலேயே தெரிந்துவிடும் அல்லவா? அப்படிக் கேட்டதில் அக்கா தங்கைச் சண்டை, பழைய காதல், பொய் அழுகை என்று என்னென்னவோ விழுந்திருக்கிறது. ஒன்றுகூட வெளியே போனதில்லை. "காதுல விழுந்தது காதோட." அவர் மனைவிக்கு இதில் தீராத குறை. "ஊர்க்கதை பூராவும் கேட்டுட்டு வந்து வீட்ல ஊமை மாதிரி உட்காந்திருக்காரு. இப்படி ஒரு மனுஷனை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அந்த வியாழக்கிழமை கூடத்தில் இரண்டு பெட்டிகள். தாயும் மகனும். அம்மா பாலம் கட்டும் இன்ஜினீயர். அவர் போட்டவை பதினோரு பாலங்கள். மகன் குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்கிற டாக்டர். ஒரே மேடையில் இருவருக்கும் விருது கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், மழையில், கார் லாரியின் பின்னால் மோதிவிட்டது. கூடம் நிறைந்து வராந்தாவிலும் ஜனம் நின்றது. பன்னிரண்டு மணிக்குப் பெட்டிகளை எடுத்தாக வேண்டும். பேசுவோர் பட்டியலில் ஒன்பது பேர். பட்டியல் அந்த அம்மாவின் தம்பி கையில் இருந்தது. அவர் கல்லூரி முதல்வர். நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹலோ முன்வரிசையை ஒரு சுற்று அளந்தார். ஐந்தடி பத்து, ஐந்தடி எட்டு, ஆறடி. பட்டியலில் இல்லாத ஒருவரையும் கண் தானாக அளந்துவிட்டது: ஓரத்து நாற்காலி, ஐந்தடி இரண்டு. அவர்தான் அந்த அம்மாவின் புருஷன், பையனின் அப்பா. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீஸ் நகக்கண்ணில் இருந்தது. மடியில் நாலாக மடித்த ஒரு தாள்.

தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவர் எழுந்து பெட்டிகளுக்கு அருகே நின்ற மைத்துனரிடம் போனார். மைக் பக்கத்தில் இருந்ததால் ஹெட்போனில் எல்லாம் கேட்டது.

"தம்பி, நானும் ரெண்டு வார்த்தை பேசிடட்டுமா?"

"நீங்க எதுக்கு மாமா சிரமப்படணும்? பெரிய மனுஷங்கல்லாம் வந்திருக்காங்க. அவங்களே சொல்லுவாங்க."

"எழுதி வச்சிருக்கேன். ஒரு பக்கம்தான்."

"உடைஞ்சு போயிடுவீங்க மாமா. பாக்கிறவங்களுக்கும் கஷ்டம். நேரமும் இல்லை. போய் உட்காருங்க."

முதல்வர் கடிந்து சொல்லவில்லை. தோளில் கைவைத்து இதமாகத்தான் சொன்னார். அந்த இதம்தான் ஹலோவுக்குச் சுருக்கென்று தைத்தது.

பேச்சுகள் தொடங்கின. ஒரு பாலத்தைப் பற்றிப் பேச வந்த பெரியவர், அதன் திறப்பு விழாவில் தான் வெட்டிய நாடாவைப் பற்றியே பன்னிரண்டு நிமிஷம் பேசினார். நல்லதாகவும் இரண்டு இருந்தன. "புதுப் பாலத்துல முதல் லாரி ஏறுறப்போ அந்தம்மா அடியில போய் நிப்பாங்க. விழுந்தா என் தலையில விழட்டும்பாங்க" என்றார் ஒரு மேஸ்திரி. "என் பொண்ணு ஆபரேஷனுக்குப் பயந்து அழுதா. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவ காதுல மாட்டி, தன் நெஞ்சில வச்சுக் கேக்கச் சொன்னாரு. 'எனக்கும்தான் படபடன்னு இருக்கு பாரு'ன்னாரு" என்றாள் ஒரு தாய். அந்த இரண்டு முறையும் ஓரத்து நாற்காலிக்காரரின் முகம் மலர்ந்ததை ஹலோ பார்த்தார்.

எட்டாவதாக வந்தவர் ஆஸ்பத்திரித் தலைவர். "யாருடைய துணையும் இல்லாமல், தனி மனுஷியாக நின்று, இப்படி ஒரு பிள்ளையை உருவாக்கினார்" என்றார். கூடமே தலையாட்டியது. புருஷன்காரரும் கூடவே தலையாட்டினார். நாலாக மடிந்திருந்த தாள் எட்டாக மடிந்தது.

ஹலோ நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. ஓரத்து நாற்காலிக்காரரையும் பேச விடுங்கள் என்று முதல்வரிடம் போய்ச் சொல்லலாம். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்டால்? சொன்னால் இருபத்திரண்டு வருஷத்துக் கட்டுப்பாடு போகும்; சொல்லாவிட்டால் பெட்டிகள் போய்விடும். ஒன்பதாவது ஆள் பேசி முடித்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. நன்றி சொல்ல முதல்வர் எழுந்தார். வெளியே வண்டிகளின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

முதல்வர் ஐந்தடி பத்து. ஹலோ கம்பத்தருகே போய்த் திருகைத் தளர்த்தினார். ஏற்றவில்லை. சரசரவென்று கீழே இறக்கி, கட்டைவிரல் வெளுக்க முறுக்கினார். முதல்வர் வந்து நின்றார். மைக் அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"ஏத்துங்க."

"ஏறாது சார்."

"இவ்வளவு நேரம் ஏறி இறங்கிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"மரை தேஞ்சு மாட்டிக்கிச்சு சார்." ஹலோ திருகைப் பார்த்தபடி சொன்னார். "செட்டு பழசு. மக்கர் பண்ணுது."

ஒலிபெருக்கி திறந்தே இருந்ததால் கூடம் முழுக்க அது கேட்டது. ஹலோவின் காது மடல் சிவந்துவிட்டது.

"சரி, கழட்டிக் கையில குடுங்க."

"கழட்டினா சத்தம் வராது சார்."

முதல்வர் குனிந்து பார்த்தார். கழுத்துப் பட்டை இறுக்கியது; முகத்தில் ஈயாடவில்லை. "இந்த உயரத்துல யாருய்யா நின்னு பேசுறது?" என்றார் எரிச்சலாக.

 வாயால் சொல்வதில்லை என்பது ஹலோவின் கட்டுப்பாடு. ஓரத்து நாற்காலியை மட்டும் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். முன்வரிசை திரும்பியது, பின்வரிசையும் திரும்பியது. பின்னாலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது: "ஐயா பேசட்டுமே."

முதல்வர் நிமிர்ந்தார். மாமாவைப் பார்த்தார், கையில் இருந்த மடிப்பைப் பார்த்தார். கடிகாரத்தை இந்த முறை பார்க்கவில்லை. "வாங்க மாமா" என்று நகர்ந்துகொண்டார்.

மெக்கானிக் வந்து நின்றார். குனியவில்லை, எக்கவில்லை. தாளைப் பிரிக்கப் பார்த்தார், பாதியில் நிறுத்தி, அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இவளை முப்பத்தெட்டு வருஷமா, இவனை முப்பத்தஞ்சு வருஷமா, தினம் காலையில அஞ்சரைக்கு எழுப்பி விடுறது நான்தான்."

அதற்கு மேல் வரவில்லை. பெட்டிகளைப் பார்த்தபடி நின்றார். அவர் மூச்சு உடைந்து உடைந்து ஒலிபெருக்கிகளில் வந்தது. மூலைக்குத் திரும்பியிருந்த ஹலோவின் கை வழக்கம்போல் குமிழுக்குப் போனது. போன கையை எடுத்துவிட்டார். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து நின்றார்.