மன்னிப்புக் கேட்காத பூவாயி

ராஜாமணி அம்மாளுக்கு மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆபீஸில் சுருக்கெழுத்து வேலை. அதிகாரி சொல்லச் சொல்லக் கோழி கிளறினாற்போல் கிறுக்கிக்கொண்டே போவார். கதை எழுதுவதும் அப்படித்தான். புருஷன் இல்லை; ஒரே மகள் ஜெயா. அந்தப் பெண் கால் ஒடிந்து மூன்று மாதம் படுத்திருந்தபோது அவளுக்குச் சொன்ன கதைகளை நோட்டில் குறித்து வைத்திருந்தார். சுவீடன் தேசத்திலும் ஓர் அம்மா பிள்ளைகளுக்குச் சுருக்கெழுத்தில்தான் கதை எழுதுகிறாராம். யாரோ பாதிரியார் சொன்னதாம். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரியும்.

அறுபத்து நாலில், சிதம்பரத்தில், அவருடைய முதல் புத்தகத்துக்கு அச்சுக் கோத்தவன் நான். கதையில் பூவாயி என்றொரு வாண்டு. வாத்தியாரின் பிரம்பைத் திருடி, துளிர்க்கிறதா பார்ப்போம் என்று கெடிலம் ஆற்றங்கரையில் நட்டுவிடுகிறாள். நட்டதோடு கதை முடிகிறது.

திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூட விழாவில் பரிசாகக் கொடுக்கப் புத்தகம் போயாக வேண்டும். சனிக்கிழமை மத்தியானம், கடைசிப் பக்கம் மட்டும் அச்சாகப் பாக்கி. ராஜாமணி அம்மாளும் அச்சகத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். புரூப்பைப் படித்த முதலாளி ராமாமிர்தம் குதித்தார்.

"பிரம்பத் திருடுனவளுக்கு ஒரு அடி கூடக் கெடையாதா? கால்ல வுழுந்து மன்னிப்புக் கேட்டான்னு நாலு வரி சேத்துடுறேன். வேணாம்னா சொல்லுங்க, அடிச்ச தாளெல்லாம் பட்டாணிக் கடைக்குப் போவும்."

"ஜெயா இந்த முடிவக் கேட்டுட்டுத்தான் எழுந்து நடந்தா, சார். இப்ப மாத்துனா, அம்மா பயந்துட்டாங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்."

"பயப்படுங்களேன், என்ன கெட்டுச்சு? யோவ் கொளஞ்சியப்பா, நான் சொல்றேன், நீ கோத்துடு."

அம்மா எழுந்து நின்றார். முதலாளி வரி யோசித்து விட்டத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில், எழுத்துப் பெட்டியில் மிஞ்சிக் கிடந்த 'ன்' எழுத்தையெல்லாம் அள்ளி மடியில் கட்டிக்கொண்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"மொதலாளி, 'ன்' தீந்துபோச்சு."

"நேத்து இருந்துச்சே!"

வந்து பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். என் பக்கத்திலேயே நின்றார். ஈய எழுத்துகள் கனம், வேட்டி நழுவிக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்து வயிற்றை எக்கினேன்.

"மிச்சமெல்லாம் கல்யாணப் பத்திரிகையில மாட்டிக் கெடக்கு. பிரிச்சுடட்டுமா? பொண்ணு வூட்டுக்காரங்க அஞ்சு மணிக்கு வராங்க."

சின்ன அச்சகத்தில் எழுத்துப் பற்றாமல் போவது அன்றாடம் நடப்பதுதான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். என்னையும் ஒரு முறை முறைத்தார்.

"இருக்கறதையே ஓட்டித் தொல!"

மெஷின் ஓடியது. முதல் தாளை அம்மா மை காயும் முன்பே கையில் வாங்கி, கடைசி வரி வரைக்கும் படித்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி, மெதுவாகச் சொன்னார்:

"மடி கனமா இருக்குண்ணே, பாத்து நடங்க."