தொட்டிலில் ஒரு பிரெண்டன்

அறுபதுகளில் சாத்தூர்ப் பக்கத்து மாதா கோயில் சாமியார் அயர்லாந்துக்காரர். வெயிலில் சிவந்த கழுத்தைச் சுற்றி எப்போதும் ஓர் ஈரத் துண்டு கிடக்கும். பெயரைக் கேட்டால், கடலோடியான ஒரு பழைய துறவியில் தொடங்கி, அந்தப் பெயர் கொண்ட தன் ஊர் மீனவர்களையும் தாத்தாவையும் சொன்ன பிறகுதான் "நானும் பிரெண்டன்" என்பார். கேட்பவர்கள்தான் குறைவு. எங்களுக்கு அவர் 'சாமி', அவ்வளவுதான்.

பட்டாசுக் கம்பெனித் தீயில் வெந்த என் கூட்டாளி முத்தையாவைத் தன் ஜீப்பில் மதுரைக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தவர் அவர். மறு வருஷம் முத்தையாவுக்கு மகன் பிறந்தபோது, தாத்தா பெயரை விட்டுவிட்டுச் சாமியாரின் பெயரையே வைத்தார்கள். அவரோடு நானும் பிள்ளையைப் பார்க்கப் போனேன்.

"பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?" என்று ஆசையாகக் கேட்டார்.

முத்தையாவின் மனைவி தலைகுனிந்தாள். "உங்க பேரைச் சொல்லி எப்பிடிச் சாமி பிள்ளையை அதட்டுறது? ராசான்னுதான் கூப்பிடுதோம்."

அவர் சிரிக்கவில்லை. "அம்மா போன பிறகு என்னையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை" என்றார். பிறகு தொட்டில் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் "பிரெண்டன்" என்று ஒருமுறை அழைத்தார்.

குழந்தையைத்தான் அழைத்தாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.