இரண்டாவது ஸ்டெப்னி

இரண்டாம் உலகப் போர், எங்கள் ஊர்ப் பேச்சில் ஜெர்மன் சண்டை, நடந்துகொண்டிருந்த காலம். உசிலம்பட்டியில் எனக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்து வெகுநேரமாகியும் குழந்தை பிறக்கவில்லை. "பிள்ள குறுக்க கெடக்கு, மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். என் கணவர் என்னைக் காலை பஸ்ஸில் ஏற்றினார்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் அது கரியில் ஓடும் பஸ். முதலாளியே டிரைவர். மதுரைக்காரர், எல்லோருக்கும் அவர் 'பாய்'. டயர் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த நாளில், அவர் இரண்டு ஸ்டெப்னி வைத்திருந்தார். ஒன்று கூரைமேல். மற்றது கடைசி சீட்டில், ஓர் ஆள் உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. "டயர் கடை வைக்கப் போறீகளா பாய்?" என்று நின்றுகொண்டு வந்த ஒருவர் கேலி செய்தார். பாய் சிரித்ததோடு சரி.

செக்கானூரணி தாண்டியதும் ஒரு டயர் வெடித்தது. மாற்றிக்கொண்டு கிளம்பினோம். நாகமலை கண்ணில் பட்ட நேரம், இன்னொன்றும் போயிற்று. சுற்றிலும் பொட்டல். இனிப் பிழைக்க மாட்டேன் என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"இன்னொண்ணு கெடக்குல்ல தங்கச்சி! பல்லக் கடிச்சுக்க, இந்தா போயிரலாம்" என்றார் பாய். மளமளவென்று மாட்டினார். வழியில் எங்கும் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆபரேஷன் செய்து எங்கள் இரண்டு உயிரையும் காப்பாற்றினார் டாக்டரம்மா. பெண் குழந்தை.

பிறகு என் கணவர் பழம் வாங்கிக்கொண்டு பாயைப் பார்க்கப் போனார். காலேஜில் வியாபாரக் கணக்குப் படித்தவர் அல்லவா, கேட்காமல் இருக்க முடியவில்லை. "சராசரி பாத்தா ஒரு நடைக்கு அரை பஞ்சர்கூட வராதே பாய். எதுக்கு ரெண்டு ஸ்டெப்னி?"

"அரை பஞ்சர்னு ஒண்ணு இருக்கா மாப்ள? முக்காவாசி நாள் ஒண்ணும் ஆகாது. சில நாள் ஒண்ணு போகும். எப்பவாச்சும் ரெண்டு போகும். அது என்னைக்குன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். அன்னைக்கு வண்டியில யாரு இருப்பாகளோ!"

வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொன்னபோது முகமெல்லாம் பூரிப்பு. "நாங்க நிகழ்தகவுன்னு படிச்சது இதைத்தான். இன்னைக்கு எத்தனை டயர் போகும்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணும் போகாத நாள் எம்புட்டு, ஒண்ணு போற நாள் எம்புட்டு, ரெண்டு போற நாள் எம்புட்டுன்னு பாத்து வச்சுக்கலாம். அதுவரைக்கும் கணக்கு. எப்பவோ வர்ற நாளுக்காகத் தினமும் ஒரு சீட்டை விட்டுக்கொடுக்குறது, அது அவர் மனசு."

அபூர்வமாக வரும் அந்த நாளில் மாட்டிக்கொண்டவள் நான். யாரென்றே தெரியாத எனக்காக முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருந்த அந்த மனிதரைவிடப் பெரிய வியாபாரியை நான் இன்னும் பார்க்கவில்லை.